எண்ணும் ஏடும்: பழைய வண்டிக்கு ஒரு குறிப்பேடு

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டு வந்தபோது, "நைனார், போன மலரில் ஏட்டுச்சுவடி பற்றி எழுதினீர்கள், இந்தத் தடவை கல்வெட்டு பற்றி எழுதித் தாருங்கள்" என்றார்கள். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த வாரமே கடைக்கு ஒரு பையன் வந்தான். அவனால் பொருள் மாறிவிட்டது. இது மோட்டார் சைக்கிள் பற்றிய கட்டுரை. அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏட்டுச்சுவடிக்கும் இதற்கும் அப்படி ஒன்றும் தூரமில்லை என்பது போகப் போகத் தெரியும்.

என் கடை போல்ட், நட்டு, பேரிங், ஆயில் சீல் விற்கிற கடை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1981-இல் மைசூருக்கு வந்தேன். அன்றிலிருந்து இதே தொழில்தான். பையன் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, இன்ஜினியரிங் படிக்கிறான். தாத்தா வாங்கிய எஸ்டி வண்டி வீட்டுத் தாழ்வாரத்தில் பத்து வருஷமாகத் தூங்குகிறது. அதைத் தன் கையாலேயே எழுப்ப வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "ஐயா, பாயிண்ட் கேப் எவ்வளவு வைக்கணும்? மூணு ஒர்க் ஷாப்பில் கேட்டேன், மூணு பேரும் மூணு விதமாச் சொல்றாங்க. யாரை நம்பறது?" என்றான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய வண்டிகளில் தீப்பொறி சரியான நேரத்தில் வருவதற்கு இரண்டு சின்ன உலோக முனைகள் ஒட்டி ஒட்டிப் பிரியும். முழுக்கப் பிரிந்து நிற்கும்போது நடுவில் இருக்கும் இடைவெளிதான் பாயிண்ட் கேப். கூடினாலும் குறைந்தாலும் வண்டி கிளம்பாது, கிளம்பினாலும் இருமும்.

முதல் மெக்கானிக் சொன்னது 0.4. இரண்டாமவர் சொன்னது பதினாறு. மூன்றாமவர் வயசாளி, "போஸ்ட் கார்டை ரெண்டா மடிச்சு உள்ள விடு, இழுத்தா லேசா பிடிக்கணும்" என்றாராம். நான் கல்லாப்பெட்டியிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தேன். பழைய போஸ்ட் கார்டு ஒன்றை அளந்து காட்டினேன். 0.2 மில்லிமீட்டரை ஒட்டி வந்தது, மடித்தால் 0.4. பதினாறு என்பது ஆயிரத்தில் பதினாறு அங்குலம், மெக்கானிக்குகள் 'தவ்' என்பார்கள். அதை மில்லிமீட்டராக்கினால் 0.406. ஆக மூன்று பேர் சொன்னதும் ஒரே எண்தான். பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கு நேர் எதிரான ஒன்று என் வாழ்க்கையில் நடந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மைசூரில் இந்தச் சங்கடம் மற்ற ஊர்களைவிட அதிகம். காரணம் நம் ஊரின் சொந்த வண்டி. யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இருந்ததை நம்மில் ஐம்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1960-இல் ஃபரோக் இரானியும் ருஸ்தம் இரானியும் தொடங்கிய கம்பெனி அது. அப்போது மைசூர் மாநில ஆளுநராக இருந்த ஜெயசாமராஜேந்திர உடையார் திறந்து வைத்தார். 1961-இலிருந்து வண்டி வெளிவந்தது. வண்டியின் மூலம் செக்கோஸ்லோவாகியா. 1929-இல் யானெச்செக் என்பவர் வாண்டரர் என்ற ஜெர்மானியக் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளும் சேர்ந்து ஜாவா ஆயிற்று. இந்தோனேசியத் தீவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1973 முதல் இங்கே எஸ்டி என்று பெயர் மாறியது. ஈரானில் உள்ள யஸ்த் நகரத்தை ஒட்டிய பெயர். கியர் போடும் நெம்புகோலே கிக்கராகவும் திரும்புகிற வண்டியை வேறு எங்கே பார்த்தோம்! 1996-இல் ஆலை மூடப்பட்டது.

ஆலை மூடினால் வேலை போகும், உதிரிபாகம் போகும் என்று எல்லோரும் பேசினோம். எண்களும் போகும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கம்பெனி உயிரோடு இருக்கும் வரையில் சந்தேகம் வந்தால் டீலரிடம் கேட்கலாம், சர்வீஸ் புத்தகம் புதிதாக அச்சாகி வரும். மூடிய பிறகு அந்த எண்கள் மூன்று இடங்களில்தான் மிஞ்சின. பழைய அச்சுப் புத்தகங்களில், கரை படிந்த நோட்டுகளில், மெக்கானிக்குகளின் தலைக்குள். மூன்றாவது இடம்தான் பெரிய களஞ்சியம். அது ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டு வருகிறது. மண்டி மொஹல்லாவில் நான் பழகிய உஸ்தாதுகளில் பாதிப் பேர் இன்று இல்லை.

இப்போது என் கதை. 1999-ஆம் வருஷம் என்னிடம் எஸ்டி 250 இருந்தது. இது டூ ஸ்ட்ரோக் வண்டி. எஞ்சினுக்குள் தனியாக எண்ணெய் கிடையாது. பெட்ரோலோடு கலக்கிற எண்ணெய்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. எவ்வளவு கலப்பது என்று முன்பே ஒரு மெக்கானிக்கைக் கேட்டிருந்தேன். அவர் சரியாகத்தான் சொன்னார், லிட்டருக்கு நாற்பது மில்லி என்று. நான் டைரியில் எழுதி வைத்தது 'ஆயில் 40'. அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து, சிலிண்டரைப் போர் செய்து புதுப் பிஸ்டன் போட்டுக்கொண்டு வந்தேன். டைரியைப் பார்த்தேன். அதற்குள் வேறு ஏதோ டூ ஸ்ட்ரோக் வண்டியின் விளம்பரத் தாளில் 1:40 என்று படித்திருந்தேன். அந்த நாற்பதுதான் இந்த நாற்பது என்று நினைத்துவிட்டேன்.

கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 40 மில்லி என்றால் விகிதம் 1:25. விகிதம் 1:40 என்றால் லிட்டருக்கு 25 மில்லி. நாற்பதும் இருபத்தைந்தும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் மாறிக்கொள்கிற எண்கள். இதைப் போல ஆளை ஏமாற்றும் ஜோடி வேறு கிடையாது. புதுப் பிஸ்டனுக்கு முதல் சில நூறு கிலோமீட்டர் 1:20, அதாவது 50 மில்லி கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது அதில் பாதி.

பங்குனி வெயில். நானும் என் மனைவியும் கொம்மடகிரிக்குப் புறப்பட்டோம். இலவாலா தாண்டி ஒரு மேட்டில் எஞ்சின் இறுகியது. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்திருந்தால் தப்பித்திருப்போம், எனக்குத் தோன்றவில்லை. விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை முழுக்கத் திரும்பவில்லை, இன்றைக்கும் தேங்காய் துருவினால் பாதியில் கை மாற்றுவாள். அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த டைரி இன்னும் என்னிடம் இருக்கிறது. 'ஆயில் 40'. மெக்கானிக்கின் தப்பு அல்ல, வண்டியின் தப்பும் அல்ல. எழுதினவனின் தப்பு.

அன்றிலிருந்து எண்களை எழுதுகிற விதத்தை மாற்றிக்கொண்டேன். வழி எனக்கு மோட்டார் புத்தகங்களிலிருந்து கிடைக்கவில்லை, உ.வே.சாமிநாதையரிடமிருந்து கிடைத்தது. அவர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சிட்டபோது கும்பகோணத்துச் சமணர்கள் பொருள் விளக்கி உதவினார்கள் என்பது எங்கள் வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படுகிற செய்தி. அவர் செய்தது என்ன? ஒரு ஏட்டை மட்டும் நம்பவில்லை. பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டார். வேறுபட்ட பாடம் இருந்தால் அதையும் குறித்து வைத்தார். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற வழக்கம் கிடையாது, புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே ஒரே எழுத்தை இரண்டு மூன்று விதமாகப் படிக்கலாம். வண்டிப் புத்தகத்திலும் இதே கூத்துதான். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், அதற்கு ஒரு ஜெராக்ஸ் என்று நாலாவது பிரதி வரும்போது தசமப் புள்ளி மறைந்துவிடும். 2.5 என்பது 25 ஆகிவிடும்.

சரி, எங்கே தேடுவது? வண்டிப் புத்தகங்கள் மூன்று வகை, மூன்றையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. முதலாவது, வண்டியோடு சொந்தக்காரருக்குக் கொடுக்கிற கையேடு. டயர்க் காற்று, எண்ணெய், ப்ளக், செயின் தளர்ச்சி எல்லாம் அதில் இருக்கும். இன்றைய புது வண்டிகளுக்கும் கொடுக்கிறார்கள். நாம் அதை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துப் பீரோவில் பூட்டி வைப்போம், வண்டி விற்கிற அன்றைக்குத்தான் திறப்போம். இரண்டாவது, ஒர்க் ஷாப்புகளுக்கான சர்வீஸ் புத்தகம். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதற்கான அளவுகள், எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்ற எல்லை எல்லாம் இதில்தான். மூன்றாவது, உதிரிபாகப் பட்டியல். வண்டியைப் பிரித்து அந்தரத்தில் தொங்கவிட்ட மாதிரி படம் போட்டிருப்பார்கள். இதில் அளவுகள் அதிகம் இருக்காது. ஆனால் எந்த வாஷர் எதற்குப் பின்னால் வரும் என்று சொல்லும் ஒரே புத்தகம் இதுதான், பூட்டி முடித்த பிறகு கையில் ஒரு வாஷர் மிஞ்சி நிற்கிறவர்களுக்கு அருமை தெரியும்.

என்னுடைய ஜாவா கையேட்டை லான்ஸ்டவுன் கட்டடத்துப் பழைய புத்தகக் கடையில்தான் எடுத்தேன். 2012-இல் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, அதற்கு முன்னாலேயே வாங்கியது. இங்கிலாந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். ஜான் ஹேன்ஸ் என்பவர் 1966 முதல், கார்களைக் கடைசி நட்டு வரை தாமே பிரித்துப் பூட்டிப் பார்த்து, வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கென்றே புத்தகம் போட்டார். பின்னர் மோட்டார் சைக்கிள்களுக்கும் வந்தது. நம் நாட்டில் அப்படி ஒருவர் வரவில்லை. நமக்கு உஸ்தாதுதான் புத்தகம்.

புத்தகம் கிடைத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அது உங்கள் வண்டிக்குரியதா என்பதைத்தான். 250 சி.சி. ஒன்றிலேயே ஏ டைப், பி டைப், கிளாசிக், ஆயில் கிங், ரோட் கிங் என்று வந்தன. ஆயில் கிங்கில் எண்ணெய்க்குத் தனிப் பம்ப் உண்டு. அது ஒழுங்காக வேலை செய்கிறவரை பெட்ரோலில் கலக்க வேண்டாம். ஆனால் பலர் பம்பைக் கழற்றிவிட்டுக் கலக்கிற முறைக்கே போய்விட்டார்கள். இப்படி மாற்றிய வண்டியை, மாற்றியது தெரியாமல் வாங்கி, பம்ப் இருக்கிற நினைப்பில் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் என்ன ஆகும் என்று மேலே படித்தீர்கள். ஆகவே வண்டி பிறந்தபோது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இரண்டும் தெரிய வேண்டும்.

இன்னொரு புதுக் குழப்பம். 2018-இல் ஜாவா என்ற பெயரிலும் 2022-இல் எஸ்டி என்ற பெயரிலும் புது வண்டிகள் வந்தன. அவை மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் செய்யப்படுபவை. நாலு ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிர்கிற எஞ்சின். நம் பழைய வண்டிக்கும் அவற்றுக்கும் ரத்த சம்பந்தம் பெயரில் மட்டும்தான். பிள்ளைகள் செல்போனில் 'ஜாவா ப்ளக் கேப்' என்று தேடினால் முதலில் வருவது புது வண்டியின் அளவு. பெயர் ஒன்று, ஆள் வேறு.

கிடைத்த எண் சரியா என்று வீட்டிலேயே சோதிக்க ஒரு சின்ன வழி சொல்கிறேன். சிலிண்டரின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, பிஸ்டன் ஓடும் நீளத்தாலும் பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் சி.சி. வரும். ஜாவா, எஸ்டி 250-க்கு விட்டம் 65, நீளம் 75. கணக்குப் போட்டால் 248.87. தாளில் 248.5 என்று போட்டிருப்பார்கள், அது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. புல்லட் 350-க்கு 70, 90. வருவது 346. ஹீரோ ஹோண்டா 100 வண்டிகளுக்கு 50, 49.5. வருவது 97.2. யாராவது கொடுத்த தாளில் இந்தக் கணக்கே உதைத்தால், அந்தத் தாளின் மற்ற எண்களையும் சந்தேகியுங்கள்.

பாகமே தன் அளவைச் சொல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இது என் தொழில், கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதிக்க வேண்டும். "ஒரு பேரிங் கொடுங்க, இவ்வளவு பெரிசு" என்று விரலை வளைத்துக் காட்டுகிறவர்கள் தினம் வருகிறார்கள். பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் விளிம்பில் எண் தெரியும். 6204 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம். 04 × 5 = 20 மி.மீ. வெளி விட்டம் 47, அகலம் 14. 6205 என்றால் 25, 52, 15. நாலுக்குக் கீழே இந்தப் பெருக்கல் ஓடாது. 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. இரண்டாவது இலக்கம் பேரிங்கின் பருமனைக் காட்டும். 6304-இன் உள் விட்டமும் 20தான், ஆனால் வெளியே 52, அகலம் 15. இப்போது கவனியுங்கள், 6205-க்கும் 6304-க்கும் வெளி அளவும் அகலமும் ஒன்றே. வெளியே மட்டும் அளந்துகொண்டு வருகிறவர் தப்பான பேரிங்கோடு வீட்டுக்குப் போவார். அங்கே போய் ஷாஃப்டில் ஏறாது, அல்லது ஆடும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகட்டு மூடி. சி3 என்றால் உள்ளே குண்டுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி, சூடாகும் இடங்களுக்கு அது வேண்டும். சி3 இருந்த இடத்தில் சாதாரணப் பேரிங்கைப் போட்டால் சூட்டில் இறுகும். ஆயில் சீலிலும் இப்படியே உள் விட்டம், வெளி விட்டம், கனம் என்று மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். போல்ட் தலையில் 8.8 என்று இருந்தால் அது அளவு அல்ல, உறுதி. அது இருந்த இடத்தில் முகவரி இல்லாத மலிவு போல்ட்டைப் போடாதீர்கள். இதை விற்கிறவனே சொல்கிறேன்.

அலகு விஷயம் அடுத்தது. போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதைப் பழைய புத்தகங்கள் கிலோகிராம்-மீட்டரில் சொல்லும், இங்கிலீஷ்காரன் புத்தகம் அடி-பவுண்டில், இன்றைய புத்தகம் நியூட்டன்-மீட்டரில். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது 9.81 நியூட்டன்-மீட்டர், அல்லது 7.23 அடி-பவுண்டு. 25 நியூட்டன்-மீட்டர் என்று இருப்பதை 25 அடி-பவுண்டு என்று முறுக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே அதிகமாகிவிடும். அலுமினியத்தில் வெட்டிய மரை பிய்ந்துகொண்டு வரும். காற்றுக்கும் அப்படி. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால் 14.2 பி.எஸ்.ஐ. பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பேனரிலும் தொல்லை உண்டு. ஜோசப் விட்வொர்த் 1841-இல் இங்கிலாந்தில் வகுத்த மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக் மரை 60 பாகை. ஒன்றுக்கு மற்றது முதல் இரண்டு சுற்று ஏறும், ஏறுகிறதே என்று முறுக்கினால் போச்சு. ஜாவா செக் நாட்டு வண்டி, மெட்ரிக்.

எண்ணோடு சேர்ந்து வரும் நிபந்தனையையும் எழுத வேண்டும். நாலு ஸ்ட்ரோக் வண்டியின் டேப்பட் இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளப்பது. ஓட்டி வந்த சூட்டோடு அளந்தால் புத்தகத்து எண் பொய் ஆகும். செயின் தளர்ச்சி பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். அதை எங்கே அளப்பது? கீழ்ப்பக்கச் செயினின் நடுவில், சக்கரத்தைச் சுற்றி எங்கே மிக இறுக்கமாக வருகிறதோ அந்த இடத்தில். அதை எழுதாவிட்டால் எண் மட்டும் என்ன செய்யும்? காலமும் ஒரு நிபந்தனைதான். ஜாவா கையேடு எழுதிய நாளில் இருந்த பெட்ரோல் இன்று இல்லை. அதில் ஈயம் இருந்தது, 2000-இல் நாடு முழுக்க அது நின்றது. இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அதைத் தாங்குவதில்லை. எண்ணெயும் முன்னேறிவிட்டது, ஆகவே இன்றைய டூ ஸ்ட்ரோக் எண்ணெய்க்கு இவ்வளவு வேண்டாம் என்று வாதாடும் இளைஞர்கள் உண்டு. இருக்கலாம். என் வீட்டில் அந்த வாதம் எடுபடாது.

குறிப்பேடு எப்படி இருக்க வேண்டும்? தைத்த நோட்டாக இருக்கட்டும், தனித் தாள் காணாமல் போகும். முதல் பக்கத்தில் வண்டியின் மாடல், வருஷம், எஞ்சின் எண், சேசிஸ் எண், என்னென்ன மாற்றியிருக்கிறது என்பது. பிறகு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். அதில் எண்ணை எழுதி, பக்கத்திலேயே அலகு, குளிர்ந்தா சூடா, யார் சொன்னது அல்லது எந்தப் புத்தகத்து எத்தனையாம் பக்கம், எழுதிய தேதி. இரண்டு இடத்தில் இரண்டு எண் கிடைத்தால் ஒன்றை அடிக்காதீர்கள், பாடபேதமாக இரண்டையும் வையுங்கள். நீங்கள் போட்டுப் பார்த்து ஓடியது எது என்று கீழே எழுதுங்கள். பென்சில் வேண்டாம், கரைபட்ட விரல் பட்டால் அழியும். விகிதத்தை எழுதினால் பக்கத்தில் மில்லியிலும் எழுதிவிடுங்கள், '1:25, அதாவது லிட்டருக்கு 40 மில்லி' என்று. இரண்டில் ஒன்று தப்பினாலும் மற்றது காட்டிக் கொடுக்கும்.

எங்களில் அந்தக் காலத்தில் நோன்பு முடித்தால் ஒரு நூலை ஏட்டில் படி எடுப்பித்துக் கொடுப்பார்கள், சாத்திர தானம் என்று பெயர். நான் என் ஜாவா கையேட்டைப் படி எடுத்துக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். புள்ளி மறைந்த இடங்களில் மூலத்தைப் பார்த்துச் சிவப்பு மையில் புள்ளி வைத்துவிட்டுத்தான் கொடுப்பது. ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜாவா, எஸ்டிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடுகிறார்கள். புகைப்படம் எடுத்துக்கொள்கிற கூட்டம்தான் அதிகம் என்றாலும், ஓரமாக நிற்கிற வயசானவர்களைத் தேடிப் போனால் புத்தகத்தில் இல்லாதது கிடைக்கும்.

அப்படித்தான் அந்தப் பையனை, ஆலையில் எஞ்சின் பூட்டும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். எண்பது வயசு. கண் சரியில்லை, காது பரவாயில்லை. பையன் கன்னடத்தில் கேட்கக் கேட்க, அவர் கையைக் காற்றில் திருப்பித் திருப்பி, ஸ்பேனர் பிடித்த மாதிரியே பதில் சொன்னார். சில எண்களைச் சொன்னார், சிலவற்றுக்கு எண் தெரியவில்லை, கைதான் தெரிந்தது. "எண் எழுதாதே, கை நின்ற இடத்தை எழுது" என்றார். பையன் அதையும் எழுதிக்கொண்டான், சொன்னவர், தேதி, எல்லாம் போட்டு. மூன்று மணி நேரம் ஆயிற்று. "முப்பது வருஷத்தில் இதையெல்லாம் யாரும் வந்து கேட்டதில்லை" என்று அந்த அம்மாள் காபி கொடுத்தபோது சொன்னார்.

போன ஞாயிறு பையன் நோட்டைக் காட்ட வீட்டுக்கு வந்திருந்தான். நான் பேரிங் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி நோட்டை வாங்கி, எண்ணெய் கலக்கும் பக்கத்தைப் புரட்டி எடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, 'மில்லி' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.